புழுக்கத்தில் முப்பது கிலோமீட்டர்: ஓட்டக்காரர் கேள்வி–பதில்

ஜனவரி மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்களின் கடிதங்கள் ஆவணி, புரட்டாசியில்தான் குவியும். இந்த மாதம் வந்தவற்றில் முக்கால்வாசி ஒரே புலம்பல்: 'லாங் ரன் (வாராந்தர நீண்ட ஓட்டம்) முடியவில்லை சார்.' முழங்கால், ஷூ பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் டாக்டர் இல்லை. அரசுப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியார். நாற்பத்திரண்டு வயதில் ஓட ஆரம்பித்து, பதினெட்டு வருடமாகச் சென்னைப் புழுக்கத்திலேயே ஓடிக்கொண்டிருப்பவன். என் பதில்களுக்கு அந்த அளவு மரியாதை கொடுத்தால் போதும்.

கேள்வி: வயது 34, ஐ.டி. வேலை. இரண்டு ஹாஃப் (21 கி.மீ.) முடித்திருக்கிறேன், ஜனவரியில் முதல் ஃபுல் (42 கி.மீ.). போன ஞாயிறு முதல் தடவையாக 30 கி.மீ. போனேன். காலை 5 மணிக்குப் பெசன்ட் நகரில் தொடங்கி, நேப்பியர் பாலம் வரை போய்த் திரும்பி, மீதியைப் பெசன்ட் நகர்த் தெருக்களிலேயே சுற்றினேன். பயிற்சிப் பிளானில் கிலோமீட்டருக்கு 6:15 (6 நிமிடம் 15 விநாடி) என்று இருந்தது. 18 வரை அப்படியே பிடித்தேன். பிறகு கால் ஈயமாகிவிட்டது. வேகம் குறைந்தும் நாடித்துடிப்பு 178-க்குக் கீழே இறங்கவில்லை. 24-க்கு மேல் நடைதான். 2 லிட்டர் தண்ணீர் குடித்திருந்தேன். வீட்டுக்கு வந்து எடை பார்த்தால் 72-லிருந்து 69 ஆகியிருந்தது. 30-க்கே இந்தக் கதி என்றால் 42 எப்படி? ஹாஃபுக்கு மாறிவிடலாமா? (பெருங்குடி வாசகர்)

பதில்: மாற வேண்டாம் தம்பி. முதலில் ஒன்று கேட்கிறேன், அந்த 6:15 பிளான் எந்த ஊரில் எழுதியது? இணையத்தில் கிடைக்கிற பிளான்களில் பெரும்பாலானவை, காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே போகிற ஊர்க்காரர்கள் அவர்களுக்காகப் போட்டுக்கொண்டவை. அதை அப்படியே அடையாறுப் பாலத்தின் மேல் கொண்டுவந்து வைத்தால் இப்படித்தான் ஆகும்.

உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போடுகிறேன், வாத்தியார் புத்தி போகாது. ஓடுவதற்கு ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, தோராயமாக ஒரு கிலோ கலோரி செலவாகும். 72 கிலோ ஆள் மணிக்கு பத்து கிலோமீட்டர் போனால் 720. இதில் காலை முன்னே தள்ளப் பயன்படுவது கால்வாசிகூட இல்லை. மீதி 550-க்கு மேல் அப்படியே சூடு. இந்தச் சூட்டை உடம்பு வெளியேற்றாமல் உள்ளேயே வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் உடல் வெப்பம் ஒன்பது டிகிரி ஏறும். அதாவது ஆள் இருக்கமாட்டார். நம்மைக் காப்பாற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கணக்கு நேராகிவிட்டது பாருங்கள், மணிக்கு ஒரு லிட்டர் போதும்.

ஆனால் 'ஆவியானால்' என்பதில்தான் சென்னை நம் காலை வாருகிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது வியர்வை போக இடமில்லாமல் சொட்டுகிறது. சட்டை நுனியில் சொட்டி, ஷூவுக்குள் இறங்கி, அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் 'சளக் சளக்' என்று சத்தம் போடுகிற வியர்வையால் காலணா பிரயோஜனம் இல்லை. தண்ணீர் போனதுதான் மிச்சம், சூடு போகவில்லை. உடனே உடம்பு என்ன செய்யும்? இன்னும் கொஞ்சம் வியர்க்க வைக்கும்.

நீங்கள் இழந்தது 3 கிலோ, குடித்தது 2 லிட்டர். ஆக மொத்தம் 5 லிட்டர் வியர்வை. (வழியில் சிறுநீர் கழித்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். போயிருக்கமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.) ரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்துதான் இந்த வியர்வைக்கும் பங்கு போகிறது. ரத்த அளவு குறையக் குறைய, இதயம் ஒரு துடிப்பில் தள்ளுகிற அளவும் குறையும். காலுக்கும் ரத்தம் வேண்டும், சூட்டைத் தோலுக்குக் கொண்டுவரவும் ரத்தம் வேண்டும். ஒரே குழாயில் இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் விடுகிற கதை. அதனால் வேகம் குறைந்தாலும் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். உங்கள் 178-க்குக் காரணம் இதுதான், பயிற்சிக் குறைவு இல்லை. சூட்டில் தசையில் சேமித்திருக்கிற சர்க்கரையும் சீக்கிரம் தீரும். கால் ஈயமானதில் அதற்கும் பங்குண்டு.

அடுத்த ஞாயிறு மூன்று காரியம் செய்யுங்கள். ஐந்து மணியை நான்காக்குங்கள். செப்டம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடுகிறது. நீங்கள் தொடங்கிய நேரத்துக்கு உங்கள் ஓட்டத்தில் பாதிக்கு மேல் வெயிலில்தான் நடந்திருக்கும். இரண்டாவது, வேகத்தை மறந்து, துடிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் 10 கி.மீ. 150-ஐத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டால் வேகம் 6:50-க்கோ 7 நிமிடத்துக்கோ இறங்கும். இறங்கட்டும். புரட்டாசியில் நான் என் மாரத்தான் வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 40, 45 விநாடி மெதுவாகத்தான் லாங் போகிறேன், பக்கத்தில் பேசிக்கொண்டே வருகிறவர் கடந்து போனாலும் விட்டுவிடுகிறேன். கடைசியாக, ஆரம்பத்திலிருந்தே 9 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. முடியாமல் நடப்பது வேறு, முடிகிறபோதே நடப்பது வேறு. இரண்டாவதில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள நிதானம் கிடைக்கும்.

ஒரு பாராட்டும் சொல்ல வேண்டும். கடைசிப் பத்து கிலோமீட்டரைப் பெசன்ட் நகர்த் தெருக்களிலேயே சுற்றினீர்களே, அது நல்ல வேலை. வேளாங்கண்ணி மாதா கோயிலை ஏழாவது தடவை கடக்கும்போது, பைக் அங்கேதானே நிற்கிறது, போய்விடலாமா என்று மனசு கெஞ்சும். கெஞ்சட்டும். புழுக்கத்தில் லாங் போகும்போது தண்ணீரும் பைக்கும் எப்போதும் இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஏன் என்பதைக் கீழே இன்னொரு பதிலில் சொல்கிறேன், என் மானம் போன கதை அது.

கேட்க மறந்தேன்: 3 கிலோ குறைந்ததில் சந்தோஷப்படவில்லையே? அதில் கொழுப்பு நூறு, நூற்றைம்பது கிராம் இருந்தால் அதிகம்.

கேள்வி: என் போனில் காலை 5 மணிக்கு ஈரப்பதம் 90 சதவீதம், மாலை 4 மணிக்கு 63 சதவீதம் என்று காட்டுகிறது. அப்படியானால் மாலையில் ஓடுவதுதானே புத்திசாலித்தனம்? எங்கள் குழுவில் இதை வைத்துப் பெரிய சண்டை. (வேளச்சேரி வாசகர்)

பதில்: சண்டைக்குக் காரணம் அந்தச் சதவீதம். அந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு நீரைத் தாங்குமோ, அதில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. காற்று சூடாகச் சூடாகத் தாங்கும் அளவு கூடும். டம்ளர் பெரிதாகிறது, தண்ணீர் அதேதான். காலை 27 டிகிரியில் 90 சதவீதமும், மாலை 33 டிகிரியில் 63 சதவீதமும் கிட்டத்தட்ட ஒரே அளவு நீர்தான்: ஒரு கன மீட்டர் காற்றில் 23 கிராம் அளவுக்கு.

அதே ஆப்பில் 'டியூ பாயின்ட்' என்று ஒன்று காட்டும், பனிப்புள்ளி: காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்குமோ அது. அதைப் பாருங்கள். மேலே சொன்ன இரண்டு வேளையிலும் அது 25 டிகிரி. பனிப்புள்ளி 20-க்குக் கீழே இருந்தால் எனக்குக் கொண்டாட்டம், சென்னையில் அது மார்கழிச் சமாச்சாரம். 24-ஐத் தாண்டினால் அன்றைக்கு வாட்ச்சில் வேகம் தெரியாதபடி திரையை மாற்றிவிடுவேன். ஈரம் இரண்டு வேளையும் ஒன்று என்று ஆனபின், மாலையில் ஆறு டிகிரி சூடு கூடுதல், தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழே பகல் முழுக்கக் காய்ந்த தார் ரோடு. காலைதான். ஒரே குறை, விடியலில் கடற்கரையிலும் காற்று அசையாமல் நிற்கும். கடற்கரைச் சாலையில் ஓடுவதால் கடல் காற்று கிடைக்கும் என்று நம்பிப் போனால், அது நீங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் வரும்.

கேள்வி: நாங்கள் நான்கு பெண்கள் அண்ணா நகரில் ஒன்றாக ஓடுகிறோம். போன வாரம் 28 கி.மீ. மெதுவாகப் போனோம், நாலரை மணி நேரம் ஆனது. பயத்தில் எங்களில் ஒருத்தி ஒவ்வொரு இரண்டு கிலோமீட்டருக்கும் அரை லிட்டர் பாட்டிலைக் காலி செய்தாள். கடைசியில் தலைவலி, வாந்தி, விரல் வீங்கி மோதிரம் கழற்ற முடியவில்லை. தண்ணீர் போதவில்லை என்று மேலும் குடிக்கக் கொடுத்தோம். சரிதானா? இளநீர், நன்னாரி, ஓ.ஆர்.எஸ்., எது நல்லது?

பதில்: தவறு அம்மா, நல்லவேளை தப்பித்தீர்கள். நீங்கள் சொல்கிற அறிகுறிகளுக்கு எதிர்த்திசையில் ஒரு பெயர் உண்டு: தண்ணீர் அதிகமாகி, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம்தான் அது அதிகம். மெதுவாக, நீண்ட நேரம் ஓடி, ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று குடிப்பவர்களுக்கே இந்த ஆபத்து. விரல் வீக்கம், வயிறு உப்பல், தலைவலி, வாந்தி, அப்புறம் குழப்பமான பேச்சு. இந்த நிலையில் வெறும் தண்ணீர் கொடுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய். ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், 'நிறையத் தண்ணீர் குடித்தாள்' என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

தாகம் எடுத்தால் குடியுங்கள், நான்கு வாய், அவ்வளவுதான். மணிக்கு 400 முதல் 800 மில்லி வரை பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். ஒல்லியாக, மெதுவாக ஓடுபவர்களுக்குக் கீழ் அளவு. அவரவர் அளவைக் கண்டுபிடிக்க, ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஈரத் துணியில்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் பாக்கி. கொஞ்சம் குறைந்திருப்பதுதான் முறை. கூடியிருந்தால் தவறு.

இளநீர் எனக்கு உயிர், ஆனால் அதில் பொட்டாசியம்தான் மிகுதி. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். உப்பைச் சேர்க்காமல் இளநீரை மட்டும் நம்பாதீர்கள். நன்னாரி சர்பத் சர்க்கரையும் வாசனையும், ஓடி முடித்த பிறகு சந்தோஷத்துக்கு. ஓ.ஆர்.எஸ். வாங்கினால் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள்: லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ் என்ற உலக சுகாதார நிறுவன அளவு போட்டிருக்க வேண்டும். டெட்ரா பாக்கெட்டில் ஆரஞ்சு வாசனையோடு வருவதில் பல வெறும் சர்க்கரைத் தண்ணீர். வீட்டிலேயே செய்வதானால் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. நான் பாதி எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்வேன், ருசிக்காக மட்டும்.

இன்னொன்று, கேட்காததற்கும் பதில்: லாங் ரன்னுக்கு முன் 'வலி வராமல் இருக்க' வலி மாத்திரை போட்டுக்கொள்கிற பழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: மகன் கல்லூரியில் படிக்கிறான். ஜனவரி மாரத்தானுக்கென்று காலை 11 மணி வெயிலில் ஓடுகிறான். கேட்டால், "வெயிலில் ஓடினால்தான்மா உடம்பு பழகும்" என்கிறான். பயமாக இருக்கிறது. (தூத்துக்குடி வாசகி)

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை. உடம்பு பழகும். தினம் ஒரு மணி நேரம் போலச் சூட்டில் உழைத்தால் பத்து, பதினான்கு நாளில் ரத்தத்தின் நீரளவு கூடும், வியர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், வியர்வையில் உப்புக் குறையும். வீட்டிலும் ஏ.சி., ஆபீசிலும் ஏ.சி. என்றிருக்கிற சென்னைக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் வருவதே இல்லை. நம் அப்பாக்கள் மொட்டை மாடியில் பாய் போட்டுத் தூங்கியவர்கள், அவர்களுக்கு இது தானாகவே இருந்தது. ஆனால் அதற்கு 11 மணி வெயில் தேவையில்லை. தூத்துக்குடியில் காலை ஏழு மணி போதும். முதல் வாரம் அரை மணி நேரம், மெதுவாக. நீளமான ஓட்டத்தை அந்த நேரத்தில் வைக்கவே கூடாது.

அவனிடம் இந்தக் கதையைப் படித்துக் காட்டுங்கள். பதினைந்து வருடம் முன்பு, ஒரு செப்டம்பர் ஞாயிறு, நான் தனியாக திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டிப் பக்கம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். 28 கி.மீ. திட்டம். வேகத்தைக் குறைப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்த காலம். ஈஞ்சம்பாக்கம் தாண்டியபோது கையில் மயிர்க்கூச்செறிந்தது. எட்டு மணி வெயிலில், குளிர்கிறது! அப்போதே நின்றிருக்க வேண்டும். 'பரவாயில்லையே, ஜில்லென்று இருக்கிறதே' என்று தோன்றியது. நீலாங்கரை வந்ததும் வாட்ச்சைப் பார்த்தேன், 23 என்று காட்டியது. 28-ல் 23 போனால் எத்தனை? வரவில்லை. முப்பது வருடத்துப் பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்க வேண்டியவன், விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறேன், வரவில்லை. எரிச்சல் மட்டும் வந்தது.

ஓர் இளநீர்க்காரர்தான் பார்த்தார். "சார், உங்க பேரு என்ன?" என்று கேட்டாராம், நான் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேனாம். இழுத்து நிழலில் உட்கார வைத்து, வெட்டுக்கத்தியைக் கீழே போட்டுவிட்டு, குடத்துத் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்தார். பக்கத்தில் மீன் விற்ற அம்மா கூடையிலிருந்து ஐஸை அள்ளி என் பனியனுக்குள் போட்டார், அக்குளிலும் கழுத்திலும் வைத்து அழுத்தினார். சங்கரா மீன் செதில் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இருபது நிமிடத்தில் ஐந்து என்ற விடை வந்தது. சத்தமாகச் சொன்னேனாம். வீட்டில் இரண்டு நாள் மீன் வாசனை, என் மனைவி இரண்டு மாதம் பேசியது அதற்கு மேல்.

அந்த இரண்டு பேருக்கும் யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனால் அவர்கள் செய்ததுதான் மருத்துவத்திலும் முதல் விதி: முதலில் குளிர வை, பிறகு கொண்டுபோ. ஓடுகிறவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, கோபப்பட்டாலோ, உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். நிழல், சட்டையைக் கழற்று, தண்ணீர், ஐஸ், விசிறி, அதற்கிடையிலேயே 108-க்குப் போன். வியர்வை கொட்டிக்கொண்டிருந்தால் வெப்பத்தாக்கு இல்லை என்று நினைக்கக்கூடாது, ஓடுகிறவர்களுக்கு வியர்த்தபடியே வரும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

உங்கள் மகன் தனியாக ஓடாமல், யாராவது ஒருவர் சைக்கிளில் கூட வரட்டும். அவனிடம் 28-ல் 23 போனால் எத்தனை என்று அடிக்கடி கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உலகத்தரமான வீரர்கள் வெயிலைப் பொருட்படுத்துவதில்லையே, நமக்கு மட்டும் ஏன் இத்தனை சாக்கு? (மதுரை வாசகர்)

பதில்: யார் சொன்னது? 2019-ல் தோஹாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்போதும் 32 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. வென்ற கென்ய வீராங்கனை ரூத் செப்ன்கெட்டிச்சின் நேரம் 2:32:43. அதே வருடம் ஜனவரியில் அவர் துபாயில் ஓடியது 2:17:08. உலகத்தின் மிகச் சிறந்த கால்கள் அன்றைக்குப் பதினைந்து நிமிடம் விட்டுக்கொடுத்துத்தான் தங்கம் வாங்கின. பெருங்குடித் தம்பி இந்த வரியை வெட்டிப் பர்சில் வைத்துக்கொள்ளலாம். டோக்கியோ ஒலிம்பிக்கிலும் மாரத்தானையும் நடைப் போட்டிகளையும் வடக்கே குளிர்ந்த சப்போரோவுக்கு மாற்றினார்கள்.

விட்டுக்கொடுக்காத கதை வேண்டுமா? 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக். 32 டிகிரி வெயில், புழுதி ரோடு, மதியம் போல ஓட்டம். தண்ணீர் குடிக்காமல் ஓடினால் என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசை அமைப்பாளருக்கு, அதனால் வழியில் தண்ணீர் கிடைத்ததே ஓரிரு இடத்தில். 32 பேரில் முடித்தவர்கள் 14. வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் கொடுத்தது ஸ்ட்ரிக்னைன், முட்டை வெள்ளைக் கரு, பிராந்தி. ஸ்ட்ரிக்னைன் எலி பாஷாணம். தாங்கிப் பிடித்துத்தான் கோட்டைத் தாண்டவைத்தார்கள், 3:28:53. பெசன்ட் நகர் குழுவில் அந்த நேரத்தை ஓடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், பிராந்தி இல்லாமல்.

கேள்வி: நான் பெங்களூருவில் பயிற்சி எடுக்கிறேன். சென்னைக்கு இரண்டு நாள் முன்பே வந்தால் உடம்பு பழகிவிடுமா?

பதில்: பழகாது. இரண்டு நாளில் சரவண பவன் தோசைதான் பழகும். ஜனவரி விடியல் சென்னையிலும் இதமாகத்தான் இருக்கும், ஆனால் ஏழரை, எட்டுக்குமேல் பெங்களூர்க்காரருக்குக் கொதிக்கும். கடைசி இரண்டு வாரம் ஓடி முடித்தவுடன் சுடுநீர்க் குளியல் இருபது, முப்பது நிமிடம் எடுத்துப் பாருங்கள், பக்கெட் போதாது, தொட்டி வேண்டும். தலை சுற்றினால் எழுந்துவிடுங்கள். ஓட்டத்தன்று முதல் பாதியை அடக்கி ஓடுங்கள்.

கேள்வி: 20 கி.மீ.க்கு மேல் போனால் தொடை இடுக்கிலும் மார்பிலும் தோல் உரிந்து, குளிக்கும்போது கத்த வேண்டியிருக்கிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: பருத்தி பனியனைத் தூக்கிப் போடுங்கள். வாஸ்லினைத் தாராளமாக, ஓடுவதற்கு முன்பே. மார்பில் மெடிக்கல் ஷாப் பிளாஸ்திரி இரண்டு துண்டு. தேங்காய் எண்ணெய் பத்து கிலோமீட்டருக்குத்தான் தாங்கும்.

கேள்வி: என் கணவர் ஞாயிறு 32 கி.மீ. ஓடிவிட்டு வந்து, ஃபேனுக்குக் கீழே தரையில் படுத்தால் சாயங்காலம் வரை எழுவதில்லை. என்ன கேட்டாலும் "ம்". ஈரத் துணியும் நாற்றமடிக்கிற ஷூவும் கூடத்தின் நடுவில். இது உடம்பா, நடிப்பா? (குரோம்பேட்டை வாசகி)

பதில்: பதினொரு மணி வரை உடம்பு. அதற்கப்புறம் நடிப்பு.

வந்தவுடன் எடை பார்க்கச் சொல்லுங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றே கால், ஒன்றரை லிட்டர், ஒரே மூச்சில் இல்லாமல் மூன்று நான்கு மணி நேரத்தில். அதில் பாதி உப்புப் போட்ட நீர்மோராக இருந்தால் நல்லது. பழைய சோறும் சின்ன வெங்காயமும் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுங்கள். நீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே சட்டியில் இருக்கிறது. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, மத்தியானம் வரை போகவே இல்லை என்றாலோ, கேள்வி கேட்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வெளிர் மஞ்சளாகப் போய்விட்டால் ஆள் சரி, அவரை எழுப்பி வெங்காயம் உரிக்கச் சொல்லலாம்.

ஷூவை வெயிலில் வைக்க வேண்டாம், பசை விட்டுவிடும். உள்தட்டையைக் கழற்றி, பழைய தினசரியைக் கசக்கி மூக்கு வரை அடைத்து, ஃபேனுக்குக் கீழே வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தாளை மாற்ற வேண்டும், அதை அவரையே செய்யச் சொல்லுங்கள். இந்தப் பத்திரிகையின் தாளை வைத்துப் பார்த்தேன், வழவழப்புத் தாள், ஈரம் இழுக்கவில்லை.